ஒரு கேரக்டர் மட்டும் வலுவாகிவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நடத்தும் டிஎம் (கதையையும் எதிரிகளையும் கையாளும் டன்ஜன் மாஸ்டர்) யாராக இருந்தாலும் இந்தப் புகார் ஒருநாள் காதுக்கு வந்துவிடும். செஷன் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று, "அவன் கேரக்டர் ரொம்ப ஓவரா இருக்கு, நான் எதுக்கு வர்றேன்னே தெரியல" என்பார். அதைக் கேட்டதும் வலுவான கேரக்டரின் வாளைப் பிடுங்கிவிடலாம், அவர் மந்திரம் பலிக்காத குகைக்குள் எல்லோரையும் தள்ளிவிடலாம் என்றுதான் மனம் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே புகாருக்குப் பின்னால் ஏழெட்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷமாகிவிடும்.

கீழே உள்ள எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை ஒட்டியவை. 2024 திருத்தத்தில் மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு செஷன்களுக்குக் குறிப்பெடுங்கள். சண்டையை முடித்தது யார்? கதையைத் திருப்பிய முடிவை எடுத்தது யார்? யார் எவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை? இந்த மூன்று கேள்விகள் போதும்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபைட்டர் என்ற போர்வீரர் வகைக் கேரக்டரின் மந்திர வாள்தான் பிரச்சினை என்று நான் உறுதியாக நம்பினேன். நோட்டைப் பார்த்தால் வேறு கதை. புகார் சொன்னவரின் ரோக் (பதுங்குவதிலும் பூட்டுத் திறப்பதிலும் தேர்ந்த வகை) சண்டையில் ஃபைட்டருக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே அடித்திருந்தது. ஆனால் சண்டை இல்லாத ஒன்றரை மணி நேரத்தில், "நீ என்ன செய்கிறாய்?" என்று நான் அவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தவறு என்னுடையது. வாளைப் பிடுங்கியிருந்தால் ஃபைட்டரும் வருந்தியிருப்பார், ரோக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அறிகுறி: "அவர் முறை வந்தாலே சண்டை முடிந்துவிடுகிறது"

அடிக்கடி வருவது இதுதான். அதனால் வரிசையாகப் பாருங்கள்.

விதியைச் சரியாகப் படித்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. பாதி நேரம் விடை இங்கேயே கிடைத்துவிடும். கான்சன்ட்ரேஷன், அதாவது தொடர்ந்த மனக்குவிப்பு, தேவைப்படும் மந்திரங்கள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், அதாவது தாக்குப்பிடிக்கும் பகடை, போட வேண்டும். அதன் இலக்கு 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. இந்தச் சேவ் பகடையை நிறைய மேசைகள் மறந்தேவிடுகின்றன. ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (சூழ்ச்சியால் விழும் கூடுதல் அடி) ஒரு முறைக்கு, அதாவது ஒரு டர்னுக்கு, ஒரு தடவைதான். பார்பேரியன் என்ற மூர்க்க வீரர் ரேஜில், அதாவது வெறியில், இருக்கும்போது மந்திரம் போடவும் முடியாது, போட்டதைப் பிடித்து வைக்கவும் முடியாது. அட்யூன்மெண்ட், அதாவது வைத்திருப்பவரோடு பிணைப்பு, கேட்கும் மந்திரப் பொருள்களில் ஒருவருக்கு மூன்றுதான். இவற்றைத் தனியாக உட்கார்ந்து, ஆட்டக்காரரோடு சேர்ந்தே புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எல்லோர் முன்னாலும் "நீ ஏமாற்றியிருக்கிறாய்" என்கிற தொனி வந்துவிடவே கூடாது. பெரும்பாலும் அது வெறும் மறதிதான்.

விதி சரியாகத்தான் இருக்கிறது என்றால், அடுத்து ஓய்வுகளை எண்ணுங்கள். 2014 டிஎம் வழிகாட்டி ஒரு நாளுக்கு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு, நடுவில் ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேரச் சிறு ஓய்வு) சுமார் இரண்டு என்ற கணக்கில் எழுதப்பட்டது. நம் மேசைகளில் நடப்பது என்ன? ஒரு நாளுக்கு ஒரு பெரிய சண்டை, அப்புறம் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். இந்தப் பழக்கம் ஒன்றே சமநிலையைக் குலைக்கப் போதும்.

5ஆம் லெவல் பாலடின் என்ற புனித வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதல் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) நான்கு, இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு. இன்றைக்கு ஒரே சண்டைதான் என்று தெரிந்துவிட்டால், ஒரே முறையில் இரண்டு அடியிலும் இரண்டாம் நிலை ஸ்லாட்டைச் செலவழித்து ஸ்மைட், அதாவது அடியைக் கூட்டும் ஆற்றல், போட்டுவிடுவார். எட்டுமுகப் பகடை ஆறு கூடுதலாக விழும். சராசரியாக 27. அதே லெவலில் விசார்ட் என்ற மந்திரவாதியிடம் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்துக்கான ஸ்லாட் இரண்டு, ஒவ்வொன்றும் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. இவர்கள் நாள் முழுக்க நீட்டிச் செலவழிக்க வேண்டியதை நாலு ரவுண்டில் கொட்டுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் வார்லாக் என்ற இன்னொரு மந்திரக்காரருக்கு 2 முதல் 10ஆம் லெவல் வரை ஸ்லாட் இரண்டே இரண்டு; ஆனால் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் அவை திரும்ப வரும். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் என்ற கூடுதல் செயலும், மங்க் என்ற துறவி வீரரின் கீ ஆற்றலும் அப்படித்தான். ஷார்ட் ரெஸ்டே இல்லாத நாளில் இந்த மூன்று பேரும் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆறு சண்டை நடத்த யாருக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை. நான் செய்வது இதுதான்: கதையில் ஒரு "நாள்" என்பதை இரண்டு மூன்று செஷனுக்கு நீட்டிவிடுவேன். பாலத்தைக் கடக்கும்போது ஒரு மோதல், மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட், அங்கேயே இன்னொரு மோதல். செஷன் முடிந்தாலும் நாள் முடியாது. எல்லோரும் மீதமிருக்கும் ஸ்லாட்டைத் தாளில் குறித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதைத் தொடங்கிய மூன்றாவது வாரம், பாலடின் ஆட்டக்காரர் ஸ்மைட் போடக் கையெடுத்துவிட்டு, "இல்ல, இருக்கட்டும்" என்று நிறுத்தினார். விதி எதையும் நான் தொடவில்லை.

2024 விதிகளில் ஆடுகிறவர்களுக்கு ஸ்மைட் தொல்லை தானாகவே குறைந்திருக்கும். அங்கே அது போனஸ் ஆக்‌ஷன் மந்திரமாகிவிட்டதால் ஒரு முறைக்கு ஒன்றுதான் போடலாம்.

இன்னொன்றும் பாருங்கள்: எத்தனை எதிரிகளை நிறுத்துகிறீர்கள்? ஒரே பெரிய எதிரியை நடு அறையில் நிறுத்தினால், ஒரே அடியில் நிறையத் தருகிறவர்தான் நாயகன். அதே அடி 7 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள கோப்ளின் என்ற குட்டி அரக்கன் மேல் விழுந்தால் 40 கொடுத்தாலும் 33 வீண். ஆக, ஒரு பெரிய எதிரி, சுற்றிலும் சில சிறியவை, மேல்தளத்தில் இரண்டு வில்லாளிகள், மூடிக்கொண்டிருக்கும் ஒரு கதவு என்று கலந்து வையுங்கள். யாரோ ஒருவர் கதவுக்கு ஓட வேண்டும், இன்னொருவர் மேலே ஏற வேண்டும். வாள்காரர் பெரியவனை வெட்டட்டும். அது அவருக்குப் பிடித்த வேலை, அதைக் கெடுக்காதீர்கள்.

அறிகுறி: "அவரை எதுவும் தொடுவதில்லை, அவரைத் தொடும் எதிரி மற்றவர்களைக் கொன்றுவிடுகிறது"

ஃபைட்டருக்கு +1 பிளேட் கவசம், +1 கேடயம் கொடுத்துவிட்டீர்கள். ஏசி (அவரை அடிக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 22. பக்கத்தில் நிற்கும் விசார்டுக்கு 15. எதிரியின் தாக்குதல் +7 என்றால் ஃபைட்டரைத் தொட இருபதுமுகப் பகடையில் 15 விழ வேண்டும், அதாவது 30 சதவீதம். விசார்டைத் தொட 8 போதும், 65 சதவீதம். "ஃபைட்டருக்கு வலிக்கவே மாட்டேங்குதே" என்று எதிரியை +12 ஆக்குகிறீர்கள். இப்போது ஃபைட்டரை 55 சதவீதம் தொடலாம், விசார்டை 90 சதவீதம். ஃபைட்டருக்காகப் போட்ட பொறியில் விசார்ட் விழுந்து சாகிறார். எண்ணை எண்ணால் துரத்தினால் இப்படித்தான் முடியும்.

எண்ணை விட்டுவிட்டுக் கேள்வியை மாற்றுங்கள். ஏசி என்பது அட்டாக் ரோலுக்கு மட்டும்தான் தடை. ஃபைட்டருக்குப் பயிற்சி உள்ள சேவ்கள் ஸ்ட்ரென்த், கான்ஸ்டிட்யூஷன் இரண்டும்தான். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10 என்றால், இலக்கு 15 உள்ள ஃபயர்பாலைத் தாண்ட அவருக்கு 15 அல்லது அதற்கு மேல் விழுந்தாக வேண்டும். வலை விரிக்கும் வெப் மந்திரமும் டெக்ஸ்டெரிட்டியைக் கேட்கும், ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சன் விஸ்டத்தை (விவேகத்தை) கேட்கும். 22 ஏசி இதற்கெல்லாம் உதவாது. ஐந்து மோதலில் ஒன்றில் இப்படி வைத்தால் போதும். ஐந்திலும் வைத்தால், அவர் கவசத்துக்காகச் சேர்த்த ஆசையையே மிதிக்கிறீர்கள். மற்ற நான்கில் எதிரிகள் அவர் மேல் பாய்ந்து அடித்து, வாள் முறிந்து, திகைத்துப் பின்வாங்கட்டும். தன்னால்தான் நண்பர்கள் பிழைத்தார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அறிகுறி: "பகடை அவருக்கு மட்டும்தான் கருணை காட்டியது"

கேரக்டர் உருவாக்கும் நாளிலேயே தொடங்கி, ஆட்டம் முடியும்வரை கூட வரும் வியாதி இது. நான்கு ஆறுமுகப் பகடை போட்டுச் சிறியதைக் கழித்தால் சராசரி 12.24. கேரக்டரின் ஆறு திறன் எண்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 73.5. புத்தகம் தரும் நிலையான வரிசை 15, 14, 13, 12, 10, 8; கூட்டினால் 72. சராசரியில் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ஆட்களுக்கிடையே வருகிறது. ஒருவருக்கு 18, 17, 16 விழும், அடுத்தவருக்கு 14தான் உச்சம். பகடையோடு 18க்கு +4 கூடும், 14க்கு +2தான். ஆட்டம் முழுக்க, போடும் ஒவ்வொரு பகடையிலும் பத்து சதவீதம்.

இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை என்றால் வழி எளிது: எல்லோரும் பகடை போடட்டும், வந்த வரிசைகளை நடுவில் எழுதி வையுங்கள், யார் வேண்டுமானாலும் எந்த வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். பகடை போடும் சுகமும் இருக்கும், அதிர்ஷ்டமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஏற்கெனவே பத்து செஷன் போய்விட்டதென்றால், தாழ்ந்தவரின் எண்களை உயர்த்துங்கள். உயர்ந்தவரின் எண்களைக் குறைக்காதீர்கள். பத்து வாரமாகத் தன்னுடையது என்று நினைத்ததைத் திருப்பிக் கேட்டால் யாருக்கும் வலிக்கும்.

அறிகுறி: "விசார்ட் இருக்கும்போது என் ரோக் எதற்கு?"

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். பழைய பதிப்புகளிலிருந்தே இருக்கும் புண் இது. 1981 பேசிக் விதிகளில் திருடன் 2ஆம் லெவலுக்குப் போக 1,200 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500, எல்ஃபுக்கு 4,000. பின்னால் வலுவாகப் போகிறவர் மெதுவாக ஏறட்டும் என்கிற ஏற்பாடு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தது. கணக்கு எளிதானது, அந்தப் பழைய தடுப்புச் சுவரும் போனது.

ஐந்தாம் பதிப்பில் 3ஆம் லெவல் விசார்டிடம் இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு. நாக் மந்திரம் போட்டால் பூட்டு திறந்துகொள்ளும். இன்விசிபிளிட்டி போட்டால் மறைந்துவிடலாம். கதவருகே கம்பியோடு குனிந்து நிற்கும் ரோக்கின் முகம் வாடிப்போகும்.

மந்திரத்தின் விவரத்தை முழுதாகப் படித்துச் சொல்லுங்கள். நாக் போட்டால் எழும் சத்தம் 300 அடி தூரம் கேட்கும். மாளிகையின் காவலர் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ரோக் திறந்தால் சத்தம் இருக்காது. இன்விசிபிளிட்டி உடலை மறைக்கும், காலடிச் சத்தத்தை மறைக்காது. எக்ஸ்பர்ட்டீஸ் (இரட்டிப்புப் பயிற்சி) உள்ள 3ஆம் லெவல் ரோக்கின் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) +7 இருக்கும். பயிற்சி இல்லாத விசார்டுக்கு +2. அப்புறம், ஒரு கதவு மட்டும் வைத்தால் அது விசார்டின் கதவு. ஒரே இரவில் ஐந்து பூட்டு வைத்தால் இரண்டு ஸ்லாட் எங்கே போதும்?

இதெல்லாம் தடுப்பு வேலைதான். எனக்குப் பிடித்த மருந்து வேறு. ஒரு செஷனில் விசார்ட் ஆட்டக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த இன்விசிபிளிட்டியை ரோக் மேல் போட்டுப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு ரோக் காவலர் கூடத்தின் நடுவே நடந்துபோய், தலைவனின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தது. மேசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பி வந்ததும் இருவரும் கையடித்துக்கொண்டார்கள். மந்திரம் விசார்டுடையது, சாகசம் ரோக்குடையது. தனியாக ஜெயித்தபோது விசார்டுக்குக் கிடைக்காத சந்தோஷம் அன்றைக்குக் கிடைத்தது என்று அவரே சொன்னார். நாக்கு நுனியில் வசீகரம் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் தானே பேசிவிடும் பார்ட் என்ற பாடகர் வகைக்கும் இதே முறைதான்: எதிரே இருக்கும் கிழப் படைவீரர், பேச்சுக்காரரைத் தாண்டி ஃபைட்டரின் தழும்பைப் பார்த்து, "இது எந்தப் போரில் வாங்கியது?" என்று கேட்கட்டும்.

அறிகுறி: 2ஆம் லெவல் கரடி

2014 விதிகளில் நிலா வட்டத்து ட்ரூயிட் (விலங்காக உருமாறும் வனப் பூசாரி) 2ஆம் லெவலிலேயே பழுப்புக் கரடியாக மாறலாம். கரடிக்கு 34 ஹெச்பி. கரடி விழுந்தால் ட்ரூயிட் தன் சொந்த ஹெச்பியோடு எழுந்து நிற்பார், இன்னொரு முறை கரடியாவார். அதே லெவல் ஃபைட்டருக்கு மொத்தமே 20 பக்கம்தான். பார்க்கவே நியாயமில்லாமல் இருக்கும். ஒன்றும் செய்யாதீர்கள். 5ஆம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி வந்துவிடும், கரடி அதே கரடியாகவே இருக்கும். அதுவரை நாலைந்து செஷன் வேகமாகக் கடந்துவிடுங்கள். 2024இல் கரடியின் ஹெச்பியே வராது, ட்ரூயிட் லெவலின் மூன்று மடங்கு தற்காலிக ஹெச்பி மட்டும்தான்.

அறிகுறி: புதிதாக வந்தவர் பின்தங்குகிறார்

கேரக்டர் இறந்தால் 1ஆம் லெவலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிற பழைய வழக்கம் சில மேசைகளில் இன்னும் இருக்கிறது. கணக்குப்படி அது தோன்றும் அளவுக்குக் கொடுமையில்லை. மற்றவர்கள் 6ஆம் லெவல், அதாவது 14,000 புள்ளி. அவர்கள் 7க்குப் போக இன்னும் 9,000 வேண்டும். சமமாகப் பங்கிட்டால் புதியவர் அதே நேரத்தில் 0இலிருந்து 9,000 எட்டுவார், 5ஆம் லெவலைத் தாண்டியிருப்பார். பிரச்சினை, அதுவரை உயிரோடு இருப்பதுதான். 8 ஹெச்பி உள்ளவர் மேல் 28 அடி ஃபயர்பால் விழுந்தால் மயக்கம்கூடக் கிடையாது, அந்த இடத்திலேயே மரணம். ஆகவே என் மேசையில் புதியவர் மற்றவர்களின் லெவலிலேயே தொடங்குவார். நண்பரின் மரணத்துக்கு அழுதுகொண்டிருப்பவருக்குத் தண்டனையும் சேர்த்துத் தர எனக்கு மனம் வருவதில்லை.

அறிகுறி: தாளில் சமம், மேசையில் சமமில்லை

இரண்டு கேரக்டரின் எண்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருவர் மூன்று வருடமாகப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். மற்றவர் போன மாதம் வந்தவர், வேலை முடிந்து நேராக வருகிறார், வீட்டில் படிக்க நேரமில்லை. இங்கே கேரக்டரைத் தொட்டால் எதுவும் சரியாகாது. ஒரு சின்ன அட்டையில், அவர் தன் முறையில் செய்யக்கூடிய நான்கு விஷயங்களை முழுத் தமிழில் எழுதிக் கொடுங்கள்: "எதிரிக்குப் பக்கத்தில் நண்பர் நின்றால் நிறைய அடி", "அடித்துவிட்டு விலகி ஓடலாம்". தெரிந்தவரையே அந்த அட்டையை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. தெரிந்ததைக் காட்ட அவருக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் புதியவரின் முறையில் தெரிந்தவர் வாய் திறந்து, "இதைச் செய், அதைச் செய்" என்றால், உடனே அன்போடு நிறுத்துங்கள்.

கேரக்டரே தவறான தேர்வுகளால் பலவீனமாக இருக்கிறதென்றால் மறுபடி கட்டவிடுங்கள். பெயர், கதை, உறவுகள் அப்படியே இருக்கட்டும், எண்களும் திறன்களும் மட்டும் மாறட்டும்.

அறிகுறி: கொடுத்த பொருளே தவறு

அந்த வாளை நீங்கள்தான் கொடுத்தீர்கள். திருடனை அனுப்பித் திருடச் செய்யாதீர்கள், ஆற்றில் விழச் செய்யாதீர்கள். ஆட்டக்காரருக்கு அது புரிந்துவிடும், அடுத்த புதையலை அவர் நம்பமாட்டார். நேராகச் சொல்லுங்கள்: "போன மாதம் கொடுத்த வாள் நான் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது, மற்ற மூன்று பேருக்கும் இடம் குறைகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம்?" நான் இப்படிக் கேட்டபோது அந்த ஆட்டக்காரரே, வாளின் தீ நாளுக்கு மூன்று தடவைதான் எரியும் என்று ஒரு சாபக்கதை எழுதிக்கொண்டு வந்தார். என் யோசனையைவிட நன்றாக இருந்தது.

எண்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தும் யாருக்கும் குறையில்லை என்றால்

விட்டுவிடுங்கள். 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற இன்னொரு கதை விளையாட்டு ஏற்றத்தாழ்வையே அடித்தளமாக வைத்தது. மேகஸ் எனப்படும் மந்திரவாதி மற்றவர்களைவிட வெகு உயரத்தில் இருப்பார், கம்பேனியன் எனப்படும் துணைவர் அதற்குக் கீழே, கோட்டைக் காவல்காரர்களான கிராக்குகள் எல்லோருக்கும் பொது. இன்றைக்கு மேகஸாக ஆடுகிறவர் அடுத்த கதையில் ஈட்டி பிடித்த கிராக்காக நிற்பார். வலிமை சமமாக இல்லை, முறை சமமாக இருக்கிறது. உங்கள் மேசையில் ஒருவர் பலவீனமான கிழ வைத்தியராக ஆட ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவரைக் கேட்காமல் வலுவாக்கிவிடாதீர்கள்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க, ஒவ்வொரு செஷனின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன்: "இன்றைக்கு உங்கள் கேரக்டர் செய்ததில் எது நினைவிருக்கிறது?" சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். ஒருவர் யோசித்து, தாளைப் புரட்டி, "ம்... அடிச்சேன்" என்றால் நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொள்வேன். அடுத்த வாரம் முதல் காட்சி அவர் கேரக்டரின் வீட்டு வாசலில் தொடங்கும்.